வீட்டில் பல மொழி, வகுப்பில் ஆங்கிலம்: ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். முதல் பெஞ்சில் கொங்குத் தமிழ் பேசும் பிள்ளை. அதன் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளை. ஜன்னல் ஓரம் பீகாரிலிருந்து வந்த அக்காவும் தம்பியும். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் கடைசி வரிசையில். இத்தனை பேருக்கும் ஒரே ஆங்கிலப் புத்தகம், ஒரே ஆசிரியர்.

அப்படிப்பட்ட வகுப்பில் பல வருடம் நின்றவள் நான். தொடக்கத்தில் பாடத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லி விளக்கினேன். தமிழே புரியாத பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, முழுக்க ஆங்கிலத்திலேயே பேசுவோம் என்று மாறினேன். இப்போது எல்லோருமே சுவரைப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி எதுவோ அதில் கால் வைத்துத்தான் ஆங்கிலத்துக்கு ஏற முடியும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் புரிதலிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவை.

முதல் வாரம்: யாருக்கு எந்த மொழி?

பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஏறியிருக்கும் தாய்மொழி விவரம் ஒரு தொடக்கம்தான், அதை நம்பி நின்றுவிடாதீர்கள். 'இந்தி' என்று பதிவான பிள்ளை வீட்டில் போஜ்புரியோ மகஹியோ மைதிலியோ பேசலாம். 'தமிழ்' என்று பதிவான பிள்ளையின் பாட்டி கன்னடத்தில் தாலாட்டுப் பாடியிருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121-ஐக் காட்டுகிறது. அதில் போஜ்புரி தனியாக வராது, இந்திக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் பதிவேட்டைக் கேட்பதை விடப் பிள்ளையைக் கேட்பது நல்லது.

ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு விஷயம் கேளுங்கள். அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவாய், தம்பி தங்கையிடம் எந்த மொழியில் சண்டை போடுவாய், எந்த எழுத்தில் படிக்கத் தெரியும், இதற்கு முன் எத்தனை பள்ளியில் படித்தாய். இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வரும் மொழிதான் பிள்ளையின் நிஜமான மொழி. பதிலை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, உங்கள் பாடக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கூடவே பெயர். வருகைப்பதிவேட்டில் தமிழ் எழுத்தில் ஏறிய வடநாட்டுப் பெயர் பெரும்பாலும் உருமாறியிருக்கும். பிள்ளையையே மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, அப்படியே கூப்பிடப் பழகுங்கள். தன் பெயரைச் சரியாகச் சொன்ன டீச்சரிடம்தான் பிள்ளை முதல் ஆங்கில வாக்கியத்தைத் துணிந்து பேசும்.

இரண்டாம் வாரம்: எந்தப் படியில் நிற்கிறது?

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாளில் பத்து எழுத்து, பத்துச் சிறு சொல், நான்கு வாக்கியம், ஒரு பத்தி. எதில் தடுக்குகிறது என்று குறியுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் பழகிய வேலை. ஆறாம் வகுப்பிலும் அதே கண்ணோடு பார்க்கலாம், தவறில்லை.

ஆனால் படிக்கத் தெரிவது வேறு, கேட்டுப் புரிவது வேறு. அதனால் இன்னொரு சோதனையும் வேண்டும். படம் ஒன்றைக் காட்டி, "ஷோ மீ தி டாக்", "வேர் இஸ் தி பாய்?" என்று கேளுங்கள். விரலால் காட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்துகூடப் படிக்காத பிள்ளை பத்தில் எட்டுக்குச் சரியாக விரல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேறுபாடு மிக முக்கியம். இந்தியின் தேவநாகரி எழுத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் புதிது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அதற்குத் தெரியும், மூன்று மாதத்தில் ஓடிவந்துவிடும். எந்த எழுத்திலும் படிக்கப் பழகாத பிள்ளைக்கு வாசிப்பு என்பதே புதிது. இரண்டு பிள்ளைகளும் ஆங்கிலத் தாளில் ஒரே மதிப்பெண்தான் வாங்கும். இரண்டையும் ஒரே குழுவில் உட்காரவைத்தால் இரண்டுமே கெடும்.

ஒலிகள்: 'பேட்' என்ற ஒரு சொல்

கரும்பலகையில் தமிழில் 'பேட்' என்று எழுதுங்கள். இது என்ன ஆங்கிலச் சொல் என்று கேளுங்கள். கிரிக்கெட் மட்டை என்பான் ஒருவன். காலில் கட்டும் பேட் என்பான் இன்னொருவன். கெட்டது என்பாள் ஒருத்தி. தட்டிக்கொடுப்பதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் நான்கும் வெவ்வேறு எழுத்து, வெவ்வேறு ஒலி. தமிழ் எழுத்தில் நான்கும் ஒன்றே. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பி-யையும் பி-யையும், டி-யையும் டி-யையும் மாற்றி எழுதுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பாருங்கள், இந்த வரியில்கூட அந்த இரண்டு எழுத்துகளை என்னால் தமிழில் பிரித்து எழுத முடியவில்லை. பேனாவின் பி, பந்தின் பி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த ஒலி தமிழ்ப் பிள்ளையின் வாயில் இல்லாமல் இல்லை. 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப' பேனாவின் பி. இரண்டாவது 'ப' பந்தின் பி. தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொன்னால் இரண்டாவதற்கு மட்டும் அதிர்வு தெரியும். 'பட்டு' என்பதில் 'ட்டு'வுக்கு ஓர் ஒலி, 'பாடு' என்பதில் 'டு'வுக்கு வேறோர் ஒலி. 'தந்தம்' என்பதிலும் அப்படித்தான். "மிஸ், என்னோட தொண்டைல ஈ பறக்குதுங்க!" என்று ஒரு பையன் எழுந்து நின்று சொன்னான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்கு 'ஈ ஒலி' என்றே பெயர். இந்தி, ஒடியா எழுத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் இந்தப் பாடத்துக்கு அந்தப் பிள்ளைகளையே முன்னால் வரச் சொல்லுங்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த பிள்ளை அன்றைக்கு வகுப்புக்கே டீச்சர்.

அவர்களுக்கு இடறும் இடங்கள் வேறு. இந்தி பேசும் பிள்ளைக்கு 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகும், நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆவது போலவே. ஒடியாப் பிள்ளைக்கு 'வேன்' 'பேன்' ஆகலாம். தமிழ்ப் பிள்ளை 'எக்' என்பதை 'யெக்' என்று சொல்லும், 'பஸ்' என்பதன் கடைசியில் ஓர் உகரம் சேர்க்கும். இவற்றில் பொருளை மாற்றுவதை மட்டும் திருத்துங்கள். 'இஸ்கூல்' என்று சொன்னால் யாருக்கும் புரியாமல் போவதில்லை, அதை வகுப்பில் சிரிப்பாக்கவே கூடாது. 'பின்' என்று வேண்டிய இடத்தில் குப்பைத்தொட்டி வந்து நின்றால் திருத்தத்தான் வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44. அதனால் எழுத்தின் பெயரை விட அதன் ஒலியை முதலில் கொடுங்கள். எஸ், ஏ, டேபிளின் டி, பேனாவின் பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்தில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே 'ஸாட்', 'பின்', 'டாப்', 'டின்', 'பான்' என்று பிள்ளைகளே கூட்டிப் படிப்பார்கள். நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒலிப் பயிற்சி நீண்டால் அவமானமாகிவிடும். "இது ஒன்னாங் கிளாஸ் பாடம்" என்று பக்கத்துப் பெஞ்ச் சொல்லும்.

பேச்சு: பசியிலிருந்து தொடங்குங்கள்

இலக்கணத்தை விதியாகச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் வாயிலிருந்தே எடுங்கள். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளை இதற்குச் சரியான நேரம். "உனக்குப் பசித்தால் அம்மாவிடம் எப்படிச் சொல்வாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

எனக்குப் பசிக்குது.
நாக்கு ஆகலி வேஸ்தோந்தி.
முஜே பூக் லகீ ஹை.
மோத்தே போக லாகுச்சி.

தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நான்கிலும் பசி நம்மிடம் வருகிறது. 'எனக்கு', 'நாக்கு', 'முஜே', 'மோத்தே' எல்லாமே ஒரே மாதிரி. இதன்கீழ் 'ஐ ஆம் ஹங்கிரி' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் பசி நம்மிடம் வருவதில்லை, நாமே பசியாகி நிற்கிறோம். இதைப் பார்த்த பிள்ளை 'டு மீ ஹங்கிரி' என்று மறுபடி எழுதாது. அதோடு தன் மொழியும் பக்கத்துப் பிள்ளையின் மொழியும் இவ்வளவு நெருக்கமா என்று நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துவேன்.

அடுத்தது 'ஐ டிட் நாட் வென்ட்'. எல்லா ஆசிரியரும் சிவப்பு மை தீரத் திருத்தும் பிழை இது. தமிழ்ப் பிள்ளையிடம் கேளுங்கள்: "போனேன் என்பாய். இல்லை சேர்த்தால் 'போனவில்லை' என்றா சொல்வாய்?" சிரிப்பார்கள். 'இல்லை' வந்ததும் 'போன' என்பது 'போக' ஆகிவிடுகிறது. அதே போல 'டிட் நாட்' வந்ததும் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடுகிறது. தெலுங்குப் பிள்ளைக்கு 'வெள்ளலேது' இருக்கிறது, அதுவும் இப்படித்தான். ஆனால் இந்தியில் 'நஹீன் கயா' என்று இறந்தகாலம் அசையாமல் நிற்கும். அதனால் இந்திப் பிள்ளைக்கு இந்த ஒப்பீடு உதவாது, நிறையச் சொல்லிப் பழகத்தான் வேண்டும். எந்தப் பிழை யாரிடம் நீடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கோபம் வராது.

'ஹி', 'ஷி' குழப்பமும் அப்படித்தான். தமிழில் அவன், அவள் உண்டு. இந்தியின் 'வஹ்', ஒடியாவின் 'சே' இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. "மை சிஸ்டர், ஹி இஸ் ஸ்மால்" என்று பிள்ளை சொன்னால் அது கவனக்குறைவு இல்லை. "ஆமாம் கண்ணு, ஷி இஸ் ஸ்மால்" என்று சரியான வடிவத்தை நீங்கள் திரும்பச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

தினமும் ஒரு வாக்கியச் சட்டகம் கொடுங்கள். "ஐ ஹேவ்…", "ஐ கேன் ஸீ…", "ஐ திங்க்… பிகாஸ்…" என்று. ஜோடியாகப் பேசவிடுங்கள், பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். பேசாத பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளை சில வாரம், சில சமயம் சில மாதம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சொன்ன அந்தப் பீகார் அக்கா தீபாவளி வரை ஒரு சொல்கூடப் பேசவில்லை. வயதும் வகுப்பும் பொருந்தவில்லை, கீழ் வகுப்புக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. விடுமுறை முடிந்து வந்த வாரம், தம்பி பென்சிலை எடுத்ததும் "கிவ் மீ! திஸ் இஸ் மை பென்சில்!" என்று முழு வாக்கியமாக வந்தது. நான்கு மாதம் அவள் சும்மா இருக்கவில்லை.

பேசத் தொடங்கிவிட்டதால் பாடமும் புரிந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்த்து ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979 வாக்கில் பிரித்துக்காட்டியது இன்றும் ஆசிரியர்களுக்கு உதவுகிறது: விளையாட்டு மைதானப் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். 'நல்லா பேசுது, ஆனா படிக்க மாட்டேங்குது' என்று நாம் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

பாடம் நடத்தும் முறை: கடல் ஆமை

ஆறாம் வகுப்புப் பாடநூலில் கடல் ஆமைகள் பற்றி ஒரு பாடம் உண்டு. அதையே எடுத்துக்கொள்வோம். மற்ற உரைநடைகளுக்கும் இதே வழி பொருந்தும்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஆமைப் படம் ஒன்றைக் காட்டி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். ஆமை, தாபேலு, கச்சுவா, கைஞ்ச என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் எழுதி நடுவில் 'டர்டில்' என்று எழுதுங்கள். பிறகு ஆமை கரைக்கு வந்து குழி தோண்டி முட்டையிட்டுத் திரும்பும் கதையைத் தமிழில் சொல்லுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை அதை இந்தியில் சொல்லட்டும். கதை தெரிந்துவிட்டால் ஆங்கிலப் பாடத்தில் சொல்லை மட்டும் தேடினால் போதும். கதையையும் சொல்லையும் ஒரே நேரத்தில் தேடும் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

ஒருமுறை இந்த இடத்தில் கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான். அவன் ஊர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம். அங்கே ருசிகுல்யா ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஆயிரக்கணக்கில் ஆமைகள் ஒன்றாக ஏறிவரும். நாம் பங்குனி ஆமை என்று சொல்லும் அதே ஆமை. சென்னைக் கடற்கரையிலும் அது முட்டையிடும், ஆனால் இப்படிக் கூட்டமாக இல்லை. அவன் இரண்டு கையையும் துடுப்பு மாதிரி ஆட்டிக் காட்டினான். தரையில் உட்கார்ந்து மணல் தள்ளுவது போலப் பின்பக்கமாகத் தள்ளிக் காட்டினான். 'ஃபிளிப்பர்' என்ற சொல்லை அன்று நான் விளக்கவே இல்லை.

இரண்டாம் நாள் எட்டுச் சொல், அதற்கு மேல் போகாதீர்கள். எக், ஷெல், ஷோர், ஸேண்ட், நெஸ்ட், டிக், ஹாட்ச், ஃபிளிப்பர். செய்துகாட்டக் கூடியதைச் செய்துகாட்டுங்கள், வரையக் கூடியதை வரையச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் நீங்கள் வாசியுங்கள், நிறுத்தி நிதானமாக, முகத்தில் உணர்ச்சியோடு. பிள்ளைகள் விரல் வைத்துப் பின்தொடரட்டும். நான்காம் நாள் ஜோடி வாசிப்பு: ஒருவர் நன்றாகப் படிப்பவர், ஒருவர் தடுமாறுபவர். எழுத்தே கூட்டாத குழுவுக்கு அதே பாடத்தை ஐந்து எளிய வாக்கியமாக நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவர்களும் ஆமையைப் பற்றித்தான் படிக்க வேண்டும், வேறு ஏதோ சின்னப் பிள்ளைப் பாடத்தை இல்லை. ஐந்தாம் நாள் கேள்விகள். "வேர்", "வென்" என்ற கேள்விகளோடு நின்றுவிடாமல் "ஆமை ஏன் இரவில் வருகிறது?" என்றும் கேளுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் வாங்கிக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வகுப்போடு சேர்ந்து கட்டுங்கள்.

கவிதைக்கு இவ்வளவு வேண்டாம். கவிதையைக் காதுக்குக் கொடுங்கள், தாளம் போட்டு, பாதி வகுப்பு ஒரு வரி, மீதி வகுப்பு அடுத்த வரி என்று. அருஞ்சொற்பொருள் எழுதவைத்துக் கவிதையைக் கொல்லாதீர்கள்.

எழுத்து: பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள்

கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம்தான் நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குப் பெரிய கேடு என்பது என் உறுதியான கருத்து. மாட்டைப் பற்றிப் பத்து வரி ஒப்பிக்கும் பிள்ளை, தன் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு வரி எழுதத் தவிக்கும்.

அந்த ஒடிசாப் பையன் சொன்னதை அவன் சொன்னபடியே நான் பலகையில் எழுதினேன்: "மை வில்லேஜ் நியர் ஸீ. டர்டில் கம் நைட். மெனி மெனி. ஐ ஸீ வித் கிராண்ட்ஃபாதர்." அவன் அதைத் தானே படித்தான், அவன் சொன்ன சொற்கள்தானே! மறுநாள் அதே வாக்கியங்களை வகுப்போடு சேர்ந்து சரிசெய்தோம். 'டர்டில்' என்பது 'டர்டில்ஸ்' ஆயிற்று. மற்றதைத் தொடவில்லை. ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழை: இந்த வாரம் பன்மை, அடுத்த வாரம் இறந்தகாலம். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்த நோட்டைப் பிள்ளை இரண்டாவது தடவை திறக்காது.

எழுதும் முன் தன் மொழியில் யோசிக்கவும், தெரிந்தால் தன் எழுத்தில் குறித்துக்கொள்ளவும் விடுங்கள். ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் வீட்டுச் சொல்லைப் போட்டு மேலே போகட்டும். பிறகு தேடிக்கொள்ளலாம்.

நூலக நேரத்துக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் பெரிய உதவி. ஒரே கதை தமிழ், இந்தி, ஒடியா, தெலுங்கு, ஆங்கிலம் என்று பல மொழியில் இலவசமாகக் கிடைக்கும். சென்னையின் தூலிகா வெளியிடும் இருமொழிப் படக்கதைகளும் வகுப்பில் பத்துப் புத்தகமாவது இருக்கட்டும். பிள்ளை முதலில் தன் மொழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தைத் திறக்கட்டும்.

மதிப்பெண்

பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. எழுத்துத் தேர்வில் தடுமாறும் பிள்ளைக்கு வளரறியின் செயல்பாடுகள்தான் மூச்சுவிடும் இடம். நடித்துக் காட்டுவது, படத்தைப் பார்த்துப் பேசுவது, ஜோடி உரையாடல் என்று வையுங்கள். பத்துத் திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிய சார்ட்டுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிடலாம். பெரும்பாலும் அது அண்ணனோ கடைக்காரரோ செய்தது.

எத்தனை மாதமானாலும் வீட்டு மொழியிலும் கதையைத் தொடர்ந்து சொல்ல முடியாத, எழுத்தைத் திரும்பத் திரும்ப மறக்கும் பிள்ளை இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். ஆங்கிலமோ தமிழோ வரவில்லை என்பதற்காக மட்டும் காட்டாதீர்கள்.

வீட்டோடு பேசுதல்

"வீட்டில் இனிமேல் தமிழிலோ இங்கிலீஷிலோ பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து களைத்து வரும் அம்மா தனக்குத் தெரியாத மொழியில் பிள்ளையிடம் என்ன பேசுவாள்? "சாப்பிடு, தூங்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். தன் மொழியில் அவள் கதை சொல்வாள், ஊர் நியாயம் பேசுவாள், ஏன் எதற்கு என்று கேட்பாள். அந்தப் பேச்சில் வளரும் சொல்வளம்தான் பிள்ளையோடு ஆங்கில வகுப்புக்கும் வரும். அதனால் "இன்றைக்குப் படித்த கதையை அம்மாவுக்கு உன் மொழியில் சொல்லிவிட்டு வா" என்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தை வார நாள் காலையில் வைத்தால் கம்பெனிக்குப் போகும் யாரும் வர முடியாது. ஞாயிறு காலை பத்து நிமிடம், பிள்ளையே மொழிபெயர்ப்பாளர், அது போதும்.

கடைசியாக, ஊருக்குப் போகும் பிள்ளைகள். பீகார்க்காரர்கள் கொண்டாடும் சட் பூஜைக்கோ ஒரு கல்யாணத்துக்கோ போனவர்கள் ஒரு மாதம் கழித்து வருவார்கள், சிலர் திரும்பாமல் வேறு ஊர்ப் பள்ளியில் சேருவார்கள். போகும் முன் ஒரு மெல்லிய நோட்டைக் கையில் கொடுங்கள். முதல் பக்கத்தில் இந்தப் பிள்ளை எந்த மொழி பேசும், எந்த எழுத்தில் படிக்கும், ஆங்கிலத்தில் எதுவரை வந்திருக்கிறது, அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று அடுத்த டீச்சருக்கு எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். மீதிப் பக்கங்களில் அந்தப் பிள்ளையே எழுதிய வாக்கியங்கள் இருக்கட்டும்.